எலுமிச்சையில் செதில் பூச்சி

ஜனவரி 11, ஞாயிறு

வின்னிபெக் வந்து சேர்ந்தாயிற்று. சென்னையில் ஏறி, பிராங்பர்ட்டில் இறங்கி, டொரண்டோவில் மாறியதில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. ராஜவேல் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். இளைத்திருக்கிறான். வெளியே மைனஸ் இருபத்தெட்டு என்றான். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைக்கிறது.

"குழலி எப்படி இருக்காய்யா?"

"இருக்கா. நாளைக்குப் பாக்கலாம்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று நவம்பரில் போனில் சொல்லும்போது அழுதவன். பெண்டாட்டியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, நீ வந்தால்தான் ஆகும் என்றான். கோவில்பட்டி வீட்டைப் பூட்டி எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீடு பெரியது. முன்னறையில் தெற்கு ஜன்னலை ஒட்டி ஐந்து தொட்டிகள். ஐந்திலும் மரம். எலுமிச்சை இரண்டு, குட்டி ஆரஞ்சு, கொய்யா, அத்தி. அத்தி வெறும் குச்சி. எல்லாம் குழலி வளர்த்தவை. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் பனி, உள்ளே பெரிய எலுமிச்சையில் மூன்று காய் தொங்குகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

தரை காலில் ஒட்டியது. ராஜவேல் ஏதோ குளிர்பானத்தைக் கொட்டியிருப்பான். சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

ஆஸ்பத்திரி. கை கழுவி, முகமூடி போட்டு, மஞ்சள் அங்கி மாட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். குழலிக்குத் தலையில் முடி இல்லை. குல்லா போட்டிருக்கிறாள். நான் அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன், அழவும் இல்லை.

"வந்துட்டீங்களா அத்தை. பயணம் கஷ்டமா இருந்துச்சா?"

என்னைக் கேட்கிறாள்.

எனக்கும் இவளுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். படித்தவள், தண்ணீரைப் பரிசோதிக்கும் லேபில் வேலை. கல்யாணமான எட்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் இருந்தது ஒரு மாதம் இருக்கும். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனாருக்குக் கண் சரியில்லை, விசாவும் கிடைக்கவில்லை.

ராஜவேல் வாசலிலேயே நின்றான். போன் வந்தது என்று வெளியே போனவன் நான் கிளம்பும்போதுதான் வந்தான். அவனுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. அவன் அப்பா கிடந்தபோதும் இப்படித்தான், வராந்தாவிலேயே நின்றான்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று முழுக்க ராஜவேல் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அடுப்பு எப்படி, துணி துவைக்கும் மெஷின் எப்படி, புகை மணி அடித்தால் என்ன செய்வது, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது. இரண்டு தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தான். பஸ் அட்டை வாங்கித் தந்தான். பக்கத்து வீட்டு ஹலீனா என்ற உக்ரேன்காரியிடம் என்னை அறிமுகம் செய்தான். என்மேல் எவ்வளவு அக்கறை.

ஜனவரி 14, புதன்

தரை மறுபடியும் ஒட்டுகிறது. எலுமிச்சைத் தொட்டிக்கு அடியில் மட்டும். இலையைத் தொட்டால் அதிலும் பிசுபிசுப்பு. கீழ்க்கிளைகளில் சில இலைகள் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் பேச வேறொன்றும் தோன்றாமல் இதைச் சொன்னேன். குழலி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இலைக்கு அடியில நடு நரம்பு ஓரமா, பழுப்பா, துவரம்பருப்ப விடச் சின்னதா ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கா?"

"குச்சியிலதான் புடைப்புப் புடைப்பா இருக்கு. மரத்தோட முண்டுன்னு நினைச்சேன்."

"நகத்தால கீறிப் பாருங்க. பட்டையா இருந்தா பச்சையா காயம் தெரியும். பூச்சியா இருந்தா சில்லு மாதிரி பெயர்ந்து வந்துரும், அடியில ஈரம் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீறினேன். பெயர்ந்து வந்தது. கால் இல்லை, தலை இல்லை, அசைவு இல்லை. இதைப் பூச்சி என்று யார் சொல்வார்கள். ஒரு சாண் குச்சியில் முப்பதுக்கு மேல் இருக்கும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மின்சார அடுப்பில் பால் பொங்கவில்லை, அடிபிடித்தது. ராஜவேலுக்கு ஆபீஸ்.

குழலி போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். செதில் பூச்சி என்று பெயராம். சின்னதாக இருக்கும்போது நடமாடும், இடம் பிடித்துவிட்டால் காலை இழுத்துக்கொண்டு மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் சாகிறவரைக்கும் அங்கேயே சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணீர்தான் தரையில் ஒட்டியது. அதில் வளர்கிற பூஞ்சைதான் அந்தக் கரி.

ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை முக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். முதலில் பெரிய எலுமிச்சையை எடுத்துக்கொண்டேன். நரம்போரம், இலைக்காம்பு, கிளை பிரியும் கவட்டை. சாயங்காலம் ஆகிவிட்டது. கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜனவரி 18, ஞாயிறு

குட்டி ஆரஞ்சில் வேறு வியாதி. இலை முழுக்க ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளி. குழலி வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டச் சொன்னாள். தட்டினேன். தாளில் விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தது. விரலால் தேய்த்தால் சிவப்பாக இழுத்தது.

"சிலந்திப்பேன். ஹீட்டர் காத்து காஞ்சு கெடக்குல்ல, அதுக்குக் கொண்டாட்டம். குளியலறைக்குத் தூக்கிட்டுப் போய் இலைக்கு அடியில நல்லா தண்ணி அடிங்க அத்தை. மண்ணை மட்டும் பாலித்தீன் பையால மூடிக் கட்டிருங்க."

ராஜவேலைத் தூக்கித் தரச் சொன்னேன். முதுகுவலி என்றான். பழைய போர்வையில் தொட்டியை வைத்து இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தி செத்துவிட்டது என்றதற்குச் சிரித்தாள். "குளிருக்கு இலைய உதுத்துட்டுத் தூங்குது. தண்ணிய மட்டும் கொறச்சுக்குங்க." இங்கு வந்து அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஜனவரி 21, புதன்

குழலிக்கு வாயெல்லாம் புண். பேசவில்லை. நான் மட்டும் பூச்சிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொய்யாவில் மாவுப்பூச்சி, வெள்ளைப் பஞ்சு மாதிரி கணுவில் உட்கார்ந்திருக்கிறது, அதையும் துடைத்தேன் என்றேன். கையை அசைத்து, இன்னும் சொல்லுங்கள் என்று காட்டினாள்.

ஜனவரி 25, ஞாயிறு

துடைத்த கிளையில் மறுபடியும். இந்தத் தடவை மஞ்சள் பொடியைத் தூவினாற்போல், நுண்ணியதாக, நகர்கிறது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவ்வளவு நாள் கழுத்து ஒடியத் துடைத்தேனே. குழலியிடம் பொருமினேன்.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. தாய்ப்பூச்சி செத்துப் போனாலும் அந்த ஓட்டுக்கு அடியில முட்டை பத்திரமா கெடக்கும். அது பொரிஞ்சு வரும். வார வாரம் செய்யணும். ரெண்டு மூணு மாசம் விடாம செய்யணும்." கொஞ்சம் இருந்து, "எனக்கும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் கலந்து அடித்தேன். வீடு முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம். ராஜவேல் சாப்பிடாமல் வெளியே போய்விட்டான். பாவம், அவனுக்கு நாற்றமே ஆகாது.

ஜனவரி 30, வெள்ளி

இடையில் சில நாட்கள் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். பிறகு மார்ச்சில் எலும்பு மஜ்ஜை மாற்றுவார்களாம். எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஒருவருடைய மஜ்ஜை இவளுக்குப் பொருந்தியிருக்கிறது. நல்ல செய்திதான்.

ஆனால் நர்ஸ் ஒன்று சொன்னாள். வீட்டில் மண் வைத்த செடி எதுவும் இருக்கக் கூடாது. மண்ணில் இருக்கிற பூஞ்சை இவளுடைய உடம்புக்கு ஆகாது.

குழலி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஹலீனா வீட்டுல பின்பக்கம் கண்ணாடி ரூம் இருக்கு. கேட்டுப் பாருங்க அத்தை. வெளிய மட்டும் வச்சுராதீங்க, ஒரு மணி நேரம் தாங்காது," என்றாள்.

ஜனவரி 31, சனி

ஹலீனாவிடம் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷில் கேட்டேன். அவள் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இலையைத் திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அவள் வீட்டில் ஆர்க்கிட் வைத்திருக்கிறாள், பூச்சி தாவிவிடும். ஆனால் முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை. பூச்சி குறைந்ததும் ஒவ்வொன்றாகத் தன் கார் ஷெட்டில் விளக்குப் போட்டுத் தனியாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஹீட்டர் உள்ள ஷெட். பிப்ரவரி நடுவில் வந்து பார்ப்பாள்.

மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டி வெளியே எறிந்தேன். மிச்சத்தைத் தினமும் துடைக்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

துணி மடித்து வைக்கப் போனேன். ராஜவேல் அலமாரியில் பாதி காலி. கேட்டதற்கு, பழசையெல்லாம் தானம் கொடுத்துவிட்டேன் என்றான். கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. நல்ல மனசு அவனுக்கு. சின்ன வயதிலும் அப்படித்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

சின்ன எலுமிச்சை தேறிவிட்டது. மூன்று நாளாக ஒரு பூச்சிகூட அகப்படவில்லை. நுனியில் கருஞ்சிவப்பாகத் துளிர். குழலியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவளை அனுப்புகிறார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ராஜவேலுக்கு வயிறு சரியில்லை. நான் மட்டும் பஸ்ஸில் போய்வந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முன்னறை ஜன்னல் பெரிதாகத் தெரிந்தது.

ஐந்து தொட்டியும் பின்கட்டில், மரத்தளத்தில், பனிமேல் நின்றன. இலையெல்லாம் கரும்பச்சையாக, கண்ணாடி போல விறைத்திருந்தன. ஒன்றைத் தொட்டேன். சத்தத்துடன் ஒடிந்தது.

சின்ன எலுமிச்சையை மட்டும் இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். வெதுவெதுப்பு ஏற ஏற இலைகள் வெந்த கீரைபோலத் துவண்டு தண்ணீர் சொட்டின. அறை முழுக்க எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசனை.

ராஜவேல் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"ஏன்ய்யா?"

"நர்ஸ் சொன்னதுதானேம்மா. செவ்வாய்க்கிழமை அவ வரா. மண்ணு இருக்கக் கூடாது."

"ஹலீனா எடுத்துக்கிடுதேன்னு சொன்னாளேய்யா. இன்னும் ஒரு வாரந்தான். கேட்டிருந்தா இப்பவே அவ ஷெட்டுல வச்சிருக்கலாமே."

"பூச்சி அரிச்ச மரத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு? வாராவாரம் துடைக்கிற, மறுபடியும் வருது. எப்படியும் போறதுதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தான்.

மரத்தைத்தான் சொன்னான்.

பிப்ரவரி 9, திங்கள்

குழலிக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். நாளைக்கு அனுப்பமாட்டார்கள்.

"மரம் எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டாள். உதடு வெடித்திருந்தது.

"ஹலீனா ஷெட்டுக்கு எல்லாம் போயிட்டும்மா. நேத்தே எடுத்துக்கிட்டா. விளக்கெல்லாம் போட்டிருக்கா."

பிப்ரவரி 13, வெள்ளி

காய்ச்சல் நிற்கவில்லை. மூக்கில் குழாய். அவளிடம் பேசிக்கொண்டே இருங்கள் என்று நர்ஸ் சைகையில் சொன்னாள். எதைப் பேசுவது. இன்று ஷெட்டுக்குப் போய்ப் பெரிய எலுமிச்சையைத் துடைத்தேன் என்றேன். கொய்யாவை சோப்புத் தண்ணீரில் கழுவினேன் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தொட்டி மண் கல்லாக உறைந்துவிட்டது. கொட்ட முடியவில்லை. பின்கட்டுப் பக்கம் போகாமல் இருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ராஜவேல் வான்கூவர் போயிருக்கிறான். ஆபீஸ் பயிற்சியாம், இரண்டு வாரம். அட்டைப்பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டான். காரிலேயே போகிறானாம், இரண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டிய தூரம். விமானத்தில் போகலாமே என்றேன். சாமான் இருக்கிறது என்றான்.

கிளம்பும்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ச் சொல்லிவிட்டுப் போ என்றேன். போனில் சொல்லிட்டேன் என்றான்.

வழிக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பூச்சி முழுக்க ஒழிந்துவிட்டது, ஒன்றுகூட இல்லை, தாளில் தட்டிப் பார்த்தேன், தூசிகூட விழவில்லை, எலுமிச்சை மொட்டு விட்டிருக்கிறது என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செத்துப் போச்சா அத்தை?"

"யார்ம்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. செதில் பூச்சி ஒரு மாசத்துல ஒழியாது. துடைக்கத் துடைக்க வரும். ஒண்ணுகூட வரலன்னா உறிஞ்சறதுக்கு மரம் இல்லன்னு அர்த்தம்."



"வெளிய வச்சிட்டாரா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. நர்ஸ் சொன்னான்னு..."

"ம்."

அங்கியின் நாடாவை முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.  பிறகு அவளே சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"வான்கூவர்ல வேலை டிசம்பர்லயே கெடச்சுருச்சு அத்தை. என்னால இதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல, அம்மா வந்து சேரட்டும், நான் கிளம்பிடறேன்னாரு. நீங்க வர்ற வரைக்கும் இருந்தாரே, அது வரைக்கும் நல்லது."

"பயிற்சிக்குத்தான் போயிருக்கான். ரெண்டு வாரம்."

"சரி அத்தை."

"தொட்டிய நான் பாத்துக்கிடணும்னு நினைச்சேன்."

"நீங்க பாத்துக்கிட்டீங்க," என்றாள். "நாளைக்கும் வந்து சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா இவ்வளவு நல்லா சொல்லாதீங்க. பூச்சி கொஞ்சம் இருக்கட்டும்."

பிப்ரவரி 21, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. படிக்கட்டு, குளியலறை, மூன்று அறைகள் எல்லாவற்றையும் கழுவினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ராஜவேல் போன் செய்தான். நன்றாகச் சாப்பிடுகிறானாம். பயிற்சி நீளும் போலிருக்கிறது என்றான். எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு அறைக்கு அழைத்தார்கள். டாக்டர், நர்ஸ், மேஜைமேல் ஒரு போன். போனில் எனக்காக மொழிபெயர்க்கத் தமிழ் பேசுகிற ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அம்மா, உங்களைத்தான் கேக்கினம். மஜ்ஜை மாத்தினதுக்குப் பிறகு மூண்டு மாசத்துக்கு ஒரு ஆள் இரவும் பகலும் இவவோட நிக்கோணும். அப்பிடி ஒரு ஆள் இல்லாட்டித் திகதி குடுக்க மாட்டினமாம். புருஷன் நிப்பாரோ எண்டு கேக்கினம்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவனுக்கு வெளியூர்ல வேலை," என்றேன். "நான் நிப்பேன்."

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அந்தப் பெண் தயங்கியபடி சொன்னாள். "உங்களுக்கு இங்கிலீஷ் வராதெண்டு யோசிக்கினம் அம்மா. இரவில இவவுக்கு ஏதும் நடந்தா ஆம்புலன்சுக்கு எப்பிடிச் சொல்லுவீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறார்."

நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேசத்தான் வராதே தவிர விலாசம் வரும். வீட்டு எண், தெரு, ஊர், தபால் குறியீட்டின் ஒவ்வொரு எழுத்து, பிறகு குழலியின் முழுப்பெயர், அவளுடைய நோய், ஃபீவர், கம் குவிக். சத்தமாகச் சொன்னேன்.  விடாமல் முழுக்கச் சொன்னேன்.

டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

"மாத்து மார்ச் பத்தொன்பது எண்டு சொல்லுகினம் அம்மா," என்றது போன்.

மார்ச் 12, வியாழன்

இடையில் நாலு நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று குழலியை மறுபடி உள்ளே சேர்த்துவிட்டோம். ஹலீனாதான் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அவள் புருஷனும் இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்திருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

மஜ்ஜை மாற்றுவது இவ்வளவுதானா என்று இருந்தது. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை. சிவப்பாக இறங்கிக்கொண்டே இருந்தது. குழலி தூங்கிவிட்டாள். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

குழலிக்குத் தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. தோல் உரிகிறது. வலிக்கு மருந்து ஏற்றியதில் பிதற்றுகிறாள். ஒரு தடவை என்னைப் பார்த்து "அம்மா, மேல வராதீங்க, ஈரமா இருக்கு" என்றாள். எந்த மாடி, எந்தப் படி என்று தெரியவில்லை. வரவில்லை என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ராஜவேல் போன். "எப்படி இருக்கா?" என்றான். முதல் தடவையாகக் கேட்கிறான். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறான் என்று நினைத்தேன். ஆனால் பின்னால் குக்கர் விசில் கேட்டது. அவனுக்குச் சமைக்கத் தெரியாது.

ஏப்ரல் 6, திங்கள்

வெள்ளை அணுக்கள் துளிர்த்திருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். மிகக் கொஞ்சம். முகம் தெரியாத அந்த ஆளுடைய மஜ்ஜை பிடித்துக்கொண்டதாம். பெயர் கேட்டேன். சொல்லக் கூடாதாம்.

ஏப்ரல் 24, வெள்ளி

குழலி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் எடை ஒன்றுமே இல்லை என்றாலும் படியேற்ற நான்கு பேர் வேண்டும் போல இருந்தது. ஒரு வாரமாக வீட்டை சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தேன். முன்னறையில் படுக்கை. வெந்த சாப்பாடு மட்டும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, முகமூடி போட வேண்டும். சளி இருமல் உள்ளவர்களை விடவே கூடாது. நர்ஸ் இரண்டு முறை சொன்னாள், போன்காரியும் இரண்டு முறை சொன்னாள்.

மே 2, சனி

பனி உருகிப் பின்கட்டில் ஓடுகிறது. தொட்டிகளைக் கவிழ்த்து, மரங்களை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அத்தி தூங்குகிறதோ என்று போன வாரம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். நகத்தால் கீறினால் உள்ளே பழுப்புதான். பிறகு அரைமணி நேரம் கை கழுவினேன்.

குழலி ஜன்னலிலிருந்து பார்த்தாள். 

மே 8, வெள்ளி

கையிலும் வயிற்றிலும் தடிப்பு. புது மஜ்ஜை இவள் உடம்பை வேற்றாள் என்று நினைத்துத் தாக்குகிறதாம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அடங்கலாம், அடங்காமலும் போகலாம் என்றார்கள். போன்காரி அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மே 16, சனி

ராஜவேல் வந்தான். முன்கூட்டிச் சொல்லவில்லை.

குழலி தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் வாந்தி எடுத்துக் களைத்திருந்தாள். அழைப்பு மணி அடிப்பதற்குள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நானே போய்க் கதவைத் திறந்தேன். புதுச் சட்டை. உடம்பு தேறியிருக்கிறான். தெருவில் கார் நின்றது. முன்சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் வெயில் மின்னியதில் முகம் தெரியவில்லை.

"மிச்ச சாமான் எடுக்க வந்தேம்மா."

"எது எதுன்னு சொல்லு. எடுத்துத் தாரேன்."

"உள்ள வரக் கூடாதா?"

அவனுக்கு இருமல் வந்தது. ஒரு தடவை.

"உனக்குச் சளி புடிச்சிருக்குய்யா."

"இல்லம்மா, தூசி. சும்மா தொண்டை."

"இருமுதவங்கள விடக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்கா."

முகமூடி போட்டுக்கொள்கிறேன் என்றான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்றான். அஞ்சு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றான். கண் கலங்கித்தான் இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா, அது மெய்யான அழுகைதான்.

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

மேல்மாடியிலிருந்து அவனுடைய புத்தகங்கள், குளிர்கோட்டு, ஷூ எல்லாவற்றையும் மூன்று நடையாக எடுத்துவந்து வாசற்படியில் வைத்தேன். முழங்கால் வலித்தது. அவன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"அம்மா, நீ எப்ப வர? அங்க உனக்கு ஒரு ரூம் வச்சிருக்கேன். கடல் தெரியும்."

"அவளுக்குக் கஞ்சி வைக்கணும்," என்றேன்.

"இவளுக்கு எத்தனை நாளும்மா நீ..."

"கதவு திறந்து கெடக்கு. தூசி வருதுய்யா."

சாத்திவிட்டேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் வெளியே நின்றான் போலிருக்கிறது. கார் கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை. கைப்பிடியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். உள்ளேயும் துடைத்தேன், வெளியே கை பட்ட இடத்தை அவன் போன பிறகு துடைத்தேன்.

"யாரு அத்தை?" என்று குழலி படுக்கையிலிருந்து கேட்டாள்.

"ராஜவேல்தான். சளி புடிச்சிருந்துச்சு. அனுப்பிட்டேன்."

அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். வாந்தி வருகிறது, பாத்திரம் வேண்டும் என்று காட்டினாள். எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன்.